உட்கூரையும் ஓலையும்

பள்ளி மண்டபத்தின் உட்கூரையை அண்ணாந்து பார்ப்பவர் எவருமிலர். பேச்சுப் போட்டிக்கு வரும் மாணவன் மேடையைப் பார்க்கிறான். பெற்றோர் தம் பிள்ளையைப் பார்க்கின்றனர். சிறப்பு வருகையாளர் மாலையைப் பார்க்கிறார். தலைக்குமேல் பத்தடி உயரத்தில் ஒருவனுடைய தோள்வலி பலகையாகப் பரப்பிக் கிடக்கிறது என்னும் எண்ணம், அது பெயர்ந்து விழும் நாளில்தான் நமக்கு வருகிறது. ரவாங் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன். பள்ளியின் பெயர் வேண்டா. பெயரைச் சொன்னால் சண்டை பெயரோடு முடிந்துவிடும், செய்தி தப்பித்துவிடும்.

அறுபதடி நீளமும் முப்பதடி அகலமும் உடைய மண்டபம் அது. பழைய பலகைகள் ஈரத்தில் உப்பி, ஓரிடத்தில் தொங்கியே விட்டன. அவற்றைப் பெயர்த்துப் புதிய உட்கூரை பொருத்த இளைஞன் ஒருவனை அழைத்தோம். அவன் என் பழைய மாணவன். அவனுடைய பெற்றோர் பால்மரம் வெட்டிய தோட்டம் வீடமைப்புப் பகுதியாகி நெடுநாளாயிற்று. தோட்டத்தை விட்டு வெளியேறிய பிள்ளைகள் எத்தனையோ பேரைப் போல அவனும் கட்டுமானத்துக்குப் போனான். சீனக் குத்தகையாளர் ஒருவரிடம் எட்டாண்டு உட்கூரை வேலை பழகினான். பின் இரண்டு பையன்களைச் சேர்த்துக்கொண்டு தானே வேலை எடுக்கத் தொடங்கினான். சதுர அடிக்கு 4 வெள்ளி. 1,800 சதுர அடிக்கு 7,200 வெள்ளி. முன்பணம் 3,000. இவ்வளவும் தேநீர் ஆறுவதற்குள் பேசி முடிந்தது.

எழுந்து போகும்போது அவன் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான்: “ஐயா, இதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாமா?”

“என்னப்பா, எங்களை நம்பவில்லையா? நீ படித்த பள்ளியல்லவா இது?” என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். அவன் முகம் சிவந்து தலை கவிழ்ந்ததை இன்றும் மறக்கவில்லை. நாணயமற்ற கேள்வியைக் கேட்டவன் நான், நாணியவன் அவன்.

பதினொரு நாளில் வேலை முடிந்தது. அடுத்த மாதம் பெருமழை. ஓடு ஒன்று விரிசல் கண்டிருந்தது. நீர் இறங்கிப் புதுப் பலகையில் பழுப்புக் கறை படர்ந்தது. உட்கூரைக்காரன் வேலை சரியில்லை என்றார் ஒருவர். ஓட்டைப் பார்ப்பது என் வேலை என்று எப்போது சொன்னீர்கள் என்றான் அவன். பெயர்த்த பழம்பலகைகள் பள்ளிக்குப் பின்னால் குவிந்து கிடந்தன; அவற்றை லாரியில் ஏற்றிப்போவது யார் பொறுப்பு? நான்கு மின்விசிறிகளைக் கழற்றி மாட்டிய செலவு யாருடையது? ஒவ்வொருவர் நினைவிலும் ஒவ்வொரு விடை இருந்தது. அவரவர் விடையை அவரவர் உண்மையென்றே நம்பினர். அதுதான் இதில் கொடுமை. பொய் சொன்னவர் ஒருவருமிலர். இதற்குள் ஆண்டுக் கூட்டம் வந்து பொறுப்பாளர்கள் மாறினர். புதிய பொருளாளர், “இந்தக் கடனுக்கு ஏட்டில் பதிவே இல்லையே” என்றார். அவர் சொன்னதும் உண்மையே. நிலுவை 4,200 வெள்ளியில் 1,500 கிடைத்தது. மீதி 2,700 கிடைக்கவேயில்லை. தன்னிடம் வேலை செய்த இரு பையன்களின் கூலிக்கு அவன் மனைவியின் சங்கிலியை அடகு வைத்தான் என்று பின்னர் அறிந்தேன்.

நம்மவரிடையே எழுத்து ஒப்பந்தம் கேட்பது ஏன் இழிவாகக் கருதப்படுகிறது? நம்பிக்கை மிகுந்த இனம் நாம் என்று மேடையில் பேசலாம். மெய்யான காரணம் வேறு. நம் முன்னோர்க்குத் தாள் என்பது தூண்டிலாக வந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறுமுன் தாம் படிக்கவியலாத ஒரு தாளில் கைநாட்டு வைத்தவர்கள் அவர்கள். அம்முறையில் வந்தோரைச் சஞ்சிக்கூலிகள் என்றனர். ‘ஜன்ஜி’ என்னும் மலாய்ச் சொல்லுக்கு வாக்குறுதி என்று பொருள். எவர் எவர்க்குத் தந்த வாக்குறுதி? தாளில் இருந்ததெல்லாம் கூலியின் கடமை, மீறினால் சிறை. 1910இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. அதன்பின் கோலோச்சிய கங்காணி முறையில் அத்தாளும் இல்லை. கங்காணியின் வாய்ச்சொல்லே ஒப்பந்தம், அவன் கையிலிருந்த கணக்கே கணக்கு. கங்காணி வழி ஆள்சேர்ப்பு 1938இல் நின்றது. ஆக, ஒரு தலைமுறை தாளால் ஏமாந்தது. அடுத்த தலைமுறை தாளின்மையால் ஏமாந்தது. கையெழுத்துப் போட்டால் மாட்டிக்கொள்வோம் என்னும் அச்சமும், பெரியவர் சொன்னால் சரி என்னும் பணிவும் இவ்விரண்டு காயங்களின் தழும்புகள். தழும்பைப் பண்பாடு என்று பெயரிட்டுப் போற்றுவது அறிவுடைமை ஆகாது.

குத்தகையின் கதை இவ்வட்டாரத்துக்குப் புதிதும் அன்று. ரவாங் ஈயச் சுரங்கத்தில் தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் 1894இல் மின்னாற்றலைக் கொண்டுவந்தனர் என்று பெருமையோடு சொல்கிறோம். அருகிலுள்ள பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்தில் குத்தகையாளர் வழியே ஆள் சேர்த்து வேலை வாங்கினர் என்பதையும், 1937இல் அங்கு மூண்ட பெரும் வேலைநிறுத்தத்தையும் எத்தனை வகுப்பறைகளில் சொல்கிறோம்? 1953இல் ரவாங்கில் எழுந்த சிமெண்டு ஆலை நாட்டின் முதல் சிமெண்டு ஆலை. நாடெங்கும் எழுந்த சுவர்களுக்கு இவ்வூர் மண் கலந்திருக்கிறது. அச்சுவர்களின்மேல் உட்கூரை பொருத்துகிறவனோடு பேசிய பேச்சுக்குத்தான் சான்றில்லை.

தமிழருக்கு எழுத்து ஒப்பந்தம் அயலானது என்று எவரேனும் சொல்வாராயின், அவர் பெரியபுராணத்தை மறந்தவர். திருமணப் பந்தலில் புகுந்த முதியவர், சுந்தரரைத் தமக்கு அடிமை என்றார். எதைக் காட்டினார்? ஓலையைக் காட்டினார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்தார். கிழிந்தது படியோலை, மூல ஓலை என்னிடம் உள்ளது என்றார் முதியவர். திருவெண்ணெய்நல்லூர் அவையினர் என்ன செய்தனர்? முதியவர் தோற்றத்தைக் கண்டு நம்பினரா? மணமகன் அழுகையைக் கண்டு இரங்கினரா? இரண்டும் இல்லை. சுந்தரருடைய பாட்டனார் கையெழுத்துள்ள வேறோர் ஆவணத்தை வருவித்து, இரண்டையும் ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புரைத்தனர். இறைவனே வழக்காட வந்த இடத்திலும் ஓலை கேட்டது நம் மரபு. பள்ளிப் பொறுப்பாளர் இறைவனினும் பெரியவரோ? உத்திரமேரூர்க் கல்வெட்டு குடவோலைத் தேர்தலுக்காகப் புகழ்பெற்றது. பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அக்கல்வெட்டு இன்னொன்றும் சொல்கிறது: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் வாரியத்தில் அமரத் தகுதியற்றவர். இவ்விதியை இன்று நம் சங்கங்களில் நடைமுறைப்படுத்தினால் எத்தனை நாற்காலிகள் காலியாகும் என்று எண்ணிப் பார்ப்பது மனத்துக்கு இன்பம் தருவது.

வாய்மொழி ஒப்பந்தமும் செல்லுமே என்பர் சட்டம் சிறிது அறிந்தவர். ஆம், செல்லும். 1950ஆம் ஆண்டின் மலேசிய ஒப்பந்தச் சட்டம், 1872ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தைத் தழுவியது. பொதுவாக அது எழுத்தைக் கட்டாயமாக்கவில்லை. மனமொத்துப் பேசியதும் ஒப்பந்தமே. ஆனால் செல்லுவது வேறு, மெய்ப்பிப்பது வேறு. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கையை மெஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறுவழக்கு முறையில் வழக்கறிஞர் இன்றியே ஒருவன் கொண்டுசெல்லலாம். என் மாணவனும் சென்றிருக்கலாம். சென்று எதை நீட்டுவான்? தேநீர்க் கோப்பையையா?

எழுத்தில் அமைந்த ஒப்பந்தத்துக்கு மட்டுமே திறக்கும் கதவும் ஒன்று உண்டு. 2012இல் இயற்றப்பட்டு 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் உள்ள கட்டுமானத் தொழில் கட்டணத் தீர்ப்புச் சட்டம், செய்த வேலைக்குப் பணம் வராதவன் நடுவர் ஒருவரை நாடி விரைந்து தீர்ப்புப் பெற வழி செய்கிறது. பெருங்குத்தகையாளர், “எனக்கு மேலிடத்துப் பணம் வந்தால்தான் உனக்கு” என்று துணைக் குத்தகையாளனை ஆண்டுக்கணக்கில் அலைக்கழிப்பாரே, அந்த நிபந்தனையையே செல்லாதென ஒதுக்குகிறது. தனியொருவர் தாம் குடியிருக்கக் கட்டும், நான்கு மாடிக்குக் குறைந்த வீட்டுக்கு இச்சட்டம் பொருந்தாது. நாலாயிரம் வெள்ளிக்காக அந்நடுவர் கட்டணத்தைச் செலுத்துவதும் கட்டுப்படியாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீடமைப்புத் திட்டத்தில் நாற்பது வீடுகளுக்கு உட்கூரை பொருத்திவிட்டு அறுபதாயிரம் வெள்ளிக்கு அலைபவனுக்கு இது உயிர்மருந்து. அம்மருந்தை அவன் தொட முடியாது. ஏனெனில் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் முதல் படி. வாய்ச்சொல்லை நம்பியவனைப் படியிலேயே நிறுத்திவிடுகிறது.

இனி மறுபுறம். தாளே இல்லாமை ஒரு தீமை. தீய தாள் அதனினும் பெரிய தீமை. வீடமைப்புத் தளங்களில் இளைஞர்களிடம் நீட்டப்படும் இரண்டு பக்க ஆங்கிலத் தாள்களை நான் படித்துப் பார்த்திருக்கிறேன். “நீ எங்கள் ஊழியன் அல்லன், சுயேச்சைக் குத்தகையாளன்” என்று தொடங்கும். சுயேச்சை! எவ்வளவு இனிய சொல்! காலை எட்டு மணிக்கு வரவேண்டும், மேற்பார்வையாளர் சொல்லும் வீட்டில் சொல்லும் வரிசையில் செய்ய வேண்டும், வேறிடத்தில் வேலை எடுக்கக் கூடாது, துளைப்பொறியும் சாரமும் நிறுவனத்தினுடையவை. இவற்றில் சுயேச்சை எங்கே இருக்கிறது? சேமநிதி இல்லை, சொக்சோ இல்லை, மருத்துவ விடுப்பு இல்லை என்னும் மூன்று இடங்களில் மட்டும் இருக்கிறது. சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அச்சுயேச்சையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொள்ளலாம்.

பெயர்ப்பலகையை மாற்றினால் உறவு மாறிவிடாது என்று நீதிமன்றங்கள் பன்முறை சொல்லியுள்ளன. ஹாங்காங் கட்டுமானத் தளத்தில் காயமுற்ற கொத்தனார் ஒருவர் சுயேச்சைக் குத்தகையாளர் அல்லர், ஊழியரே என்று 1990இல் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. தன் பொறுப்பில் தொழில் நடத்தி இலாபநட்டம் ஏற்பவனா, பிறன் தொழிலுக்குக் கையாக இருப்பவனா என்பதே கேள்வி. நம் நாட்டிலும் 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்துக்கு 2022இல் செய்யப்பட்ட திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. அச்சட்டத்தின்கீழ் வரும் குற்ற வழக்குகளில், எழுத்து ஒப்பந்தம் இல்லாதவிடத்து, ஒருவன் வேலை செய்யும் முறையையும் நேரத்தையும் மற்றவர் கட்டுப்படுத்தினாலோ, கருவிகளை அவர் தந்தாலோ, வருவாயின் பெரும்பகுதி குறித்த காலமுறையில் அவரிடமிருந்தே வந்தாலோ, மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை அவனை ஊழியன் என்றே கொள்ள வேண்டும் என்கிறது. இந்த அனுமானத்தை முறியடிக்கத்தான் அந்த ஆங்கிலத் தாளில் இவ்வளவு அவசரமாகக் கையெழுத்து வாங்குகின்றனர். படிக்காமல் போடும் கையெழுத்து, சட்டம் ஈந்த கவசத்தைத் தானே கழற்றி எறிவதாகும். கர்ணன் கவசத்தைக் கேட்டவன் இன்னான் என்று அறிந்தே ஈந்தான். நம் பிள்ளைகள் அறியாமலே ஈகின்றனர்.

மெய்யாகவே சுயேச்சையாகத் தொழில் செய்கிறவனும் இருக்கிறான். என் மாணவன் அத்தகையவன். தன் கருவி, தன் ஆட்கள், தன் விலை. அவனுக்கு அந்தப் பெயர் இழுக்கன்று. 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2020 முதல் கட்டுமானம் உட்படப் பல துறைகளுக்கு விரிந்துள்ளது. அவன் தானே சந்தா கட்டிப் பாதுகாப்புப் பெறலாம். கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிந்து பச்சை அட்டை பெற வேண்டிய கடமையும் அவனுக்கும் அவன் ஆட்களுக்கும் உண்டு. அவ்விரு பையன்களுக்கு அவனே முதலாளி என்பதையும் மறக்கக் கூடாது. அவர்களோடு அவன் எதையும் எழுதிக்கொள்ளவில்லை என்பதை, அவன்மீது எனக்குள்ள அன்பையும் மீறி இங்குச் சொல்லத்தான் வேண்டும். வாய்ச்சொல் நோய் மேலிருந்து கீழே பரவுவது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நெஞ்சு அறுக்கும். அந்தப் பழம்பலகைகளைப் பையன்கள் சுத்தியலால் அடித்து நொறுக்கித்தான் இறக்கினர். வெண்தூள் புகைபோல் எழுந்தது. வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டே அடித்தனர். பழைய கட்டடங்களின் உட்கூரைப் பலகைகளில் கல்நார் கலந்திருப்பதுண்டு. அதன் இழை நுரையீரலில் தங்கி, இருபது முப்பது ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக முளைக்கும் என்பது மருத்துவ உலகம் ஐயமறத் தெளிந்த உண்மை. கல்நார்க் கழிவை 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிகள் அட்டவணைக் கழிவாக வைத்து, கண்ட இடத்தில் கொட்டலாகாது என்கின்றன. அப்பலகைகளில் கல்நார் இருந்ததா? அன்று கேட்டவர் எவருமிலர். நானும் கேட்கவில்லை. எழுத உட்கார்ந்திருந்தால், “பழைய பலகைகளை அகற்றுதல்” என்னும் வரியை எழுதும்போதேனும் எவருக்காவது அக்கேள்வி தோன்றியிருக்கும். எழுத்தின் பயன் பின்னால் வழக்காடுவது மட்டுமன்று. எழுதும்போது மனிதன் நினைக்க வேண்டியிருக்கிறது.

அத்தாளில் என்னதான் எழுத வேண்டும்? வழக்கறிஞர் நடை வேண்டுவதில்லை. இன்ன நாளில், இன்ன பள்ளியின் மேலாளர் வாரியமும், இன்ன அடையாள அட்டை எண்ணுடைய இன்னாரும் செய்துகொண்ட ஒப்பந்தம் என்று தொடங்கலாம். 1,800 சதுர அடி மண்டபத்தில் இன்ன வகைப் பலகை, இன்ன கனம், இன்ன உலோகச் சட்டத்தில் பொருத்தப்படும். பலகையும் சட்டமும் வாங்குவது இன்னார். பழைய பலகையைச் சோதிப்பது பள்ளி, முறைப்படி அகற்றுவது இன்னார், அதன் செலவு இவ்வளவு. மேற்கூரை ஒழுக்கு இல்லையென்பதை வேலை தொடங்குமுன் இருவரும் ஏறிப் பார்த்துக் கைச்சாத்திட வேண்டும். அதன்பின் ஓடு உடைந்து கறை படிந்தால் அது உட்கூரைக்காரர் குற்றமாகாது. பலகை தானே தொங்கினாலோ மூட்டு விரிந்தாலோ மூன்று மாதம் வரை அவர் செலவில்லாமல் சீர்செய்வார். மின்விசிறிக் கொக்கி உட்கூரைச் சட்டத்தில் அன்று, மேற்கூரை உத்தரத்தில் மாட்டப்படும்; அது மின்பணியாளர் வேலை. பணம் மூன்று தவணை: தொடக்கத்தில் இவ்வளவு, சட்டம் முடிந்ததும் இவ்வளவு, முழுவேலையை இருவரும் பார்த்த பதினான்கு நாளுக்குள் மீதி. பேசாத வேலை புதிதாகச் சேர்ந்தால் விலையைத் தாளில் எழுதிய பின்னரே செய்வது. பொறுப்பாளர்கள் மாறினாலும் இக்கடன் வாரியத்தின் கடனே. இரண்டு படிகள், இரண்டு சாட்சிகள், முத்திரை வரி. இவ்வளவுதான். இதை எழுத அரைமணி நேரம் ஆகும். நாங்கள் சண்டையிட்டது பதினான்கு மாதம்.

மொழியைப் பற்றி ஒரு சொல். எம்மொழியில் எழுதினாலும் ஒப்பந்தம் ஒப்பந்தமே. நீதிமன்றத்துக்குப் போகும்போது மலாய் மொழிபெயர்ப்பு வேண்டும். ஆகவே மலாயில் ஒன்றும் தமிழில் ஒன்றும் எழுதி, ஐயம் வந்தால் எது முதன்மை என்று குறித்துவிடலாம். கையெழுத்திடுகிறவன் படித்துப் புரிந்துகொள்ளும் மொழியில் தாள் இருக்க வேண்டும் என்பதே என் வழக்கு. நூறாண்டுகளுக்கு முன் கைநாட்டு வைத்தவருக்கு அப்பேறு கிட்டவில்லை. ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் பயின்றவனுக்கும் அது கிட்டாதெனில், நாம் கற்பித்த எழுத்து எதற்கு?

தமிழாசிரியப் பெருமக்களே! இலக்கியம் கற்பிக்க வந்த எம்மிடம் உட்கூரைக் கணக்கைக் கொண்டுவருகிறாயே என்று சினப்பீர்கள். அலுவல் கடிதமும் அறிக்கையும் எழுத மாணவர்களைப் பழக்குகிறோம். நூலகத்துக்குப் புத்தகம் கேட்டும், குப்பை அள்ளவில்லை என்று நகராண்மைக்கு முறையிட்டும் நம் பிள்ளைகள் அழகாக எழுதுகின்றனர். தன் உழைப்பின் விலையைத் தமிழில் எழுதிக் கையெழுத்திட எந்த வகுப்பில் கற்பித்தோம்? ஆவணம், கைச்சாத்து, படி, மூலம் என்று நம் மொழியில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. சொற்கள் கல்வெட்டில் உறங்குகின்றன. பிள்ளைகள் புரியாத ஆங்கிலத்தில் கையெழுத்திடுகின்றனர். தமிழ் வாழ்க என்று முழங்குவோர், தமிழ் சோறு போடுமா என்று கேட்பவனுக்கு வெகுண்டெழுகின்றனர். வெகுளி வேண்டா, வாங்க வேண்டிய கூலியை வாங்கித் தரவாவது தமிழைப் பழக்குவோம்.

அந்த 2,700 வெள்ளியில் என் பங்காகத் தோன்றியதை நான் அவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் வாங்கவில்லை. “நீங்கள் எனக்குத் தர வேண்டியது இல்லை, ஐயா” என்றான். அதை இன்றளவும் மன்னிப்பென்று எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

சென்ற மாதம் அவன் வீட்டுக்கு வந்தான். கடைவரிசை ஒன்றில் பெரிய வேலை கிடைத்திருக்கிறதாம். குத்தகையாளர் தந்த நான்கு பக்கத் தாளைப் பிரித்து வைத்தான். வரிக்கு வரி படித்துப் பொருள் சொன்னேன். மூன்றாம் பக்கத்தில் மேலிடத்துப் பணம் வந்த பின்னரே இவனுக்குப் பணம் என்றிருந்தது. அது சட்டப்படி செல்லாது என்று சொல்லிக் கோடிட்டேன். பிறகு அவன் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தான். வெற்றுத்தாள்.

“இது என் பையன்கள் இரண்டு பேருக்கும், ஐயா. தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். அவர்கள் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்களாம்.”